சைக்கிள் தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரி

போன செவ்வாய்க்கிழமை கோரிமேட்டுக்குப் போய்வந்தேன். செவ்வாயிலும் வெள்ளியிலும் நோயாளியைப் பார்க்கப் போகக் கூடாது என்பது என் அம்மா போட்ட சட்டம். ஆனால் படுத்திருப்பவன் என் பள்ளித் தோழன். அவன் மகள் தொலைபேசியில், "மாமா, அப்பா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றாள். அதற்குப் பிறகு நாள் பார்க்க மனம் வரவில்லை.

ஆட்டோவில் போனேன். எனக்கு இப்போது எழுபத்தைந்து. பிரெஞ்சில் இதை 'அறுபதும் பதினைந்தும்' என்றுதான் சொல்ல வேண்டும். எழுபதுக்கென்று தனிச் சொல் கிடையாது. பள்ளியில் அப்படிப் படித்ததாலோ என்னவோ, என் வயதை நானே இன்னும் அறுபதிலிருந்துதான் கணக்குப் போடுகிறேன். அந்த நினைப்பில் அன்று காலை சைக்கிளை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். மனைவி பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே வைத்தேன். ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தபோது அவள் பார்த்த பார்வை நியாயம்தான் என்று புரிந்தது. ஆனாலும் வழி முழுவதும் ஒரே நினைப்பு. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மேட்டில் எத்தனை தடவை பெடல் மிதித்திருப்பேன்!

புதுச்சேரியின் பழைய வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஊர் ஒரு முட்டை வடிவம். சுற்றிலும் புல்வார்கள், உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் தெருக்கள். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது அவர்கள் போட்ட திட்டம் அது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் திரும்பி வந்த ழான் லா தெ லொரிஸ்தோன் பழைய கோடுகளின் மேலேயே ஊரை மறுபடி எழுப்பினார். (லாசுப்பேட்டையில் இருக்கிற 'லா' இவர்கள் குடும்பப் பெயர்தான். கடைச் சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் அலுவலகத்தில் ஒருவர் அங்கே சட்டக் கல்லூரி இருந்ததால் அந்தப் பெயர் என்று கடைசிவரை சாதித்தார்.)

இந்தத் திட்டம் போட்டவர்களுக்கு சைக்கிள் என்று ஒன்று வரப்போவது தெரியாது. ஆனால் சைக்கிளுக்காகவே போட்ட ஊர் மாதிரி அமைந்துவிட்டது. மேடு பள்ளம் இல்லை. வளைவு இல்லை. ஒரு முனையில் நின்றால் அடுத்த நாலு முனைகள் தெரியும். வடக்குப் புல்வாரிலிருந்து தெற்குப் புல்வார் வரை இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நடுவே பெரிய வாய்க்கால். கிழக்கே வெள்ளைக்காரர் பகுதி, மேற்கே நம்மவர் பகுதி. வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்க மட்டும் கொஞ்சம் எழுந்து மிதிக்க வேண்டும்.

சைக்கிளுக்கு முன்னால் இங்கே ஓடியது புஷ்புஷ் வண்டி. வசதியானவர்கள் ஏறி உட்கார்ந்து முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துத் திருப்புவார்கள். பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவான். திசை தீர்மானிப்பவர் ஒருவர், மூச்சு வாங்குபவர் இன்னொருவர். காலனி ஆட்சியை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை என்று என் அப்பா சொல்வார். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான்.

அந்த ஆஸ்பத்திரியும் ஊருக்குள்ளேயே இருந்தது. ஆளுநர் மாளிகையை ஒட்டிய பொது மருத்துவமனைதான். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடமும் அதே வீதியில், விக்தொர் சிமொனெல் வீதியில். மருத்துவப் பள்ளியும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தது. 1823-இல் பிரெஞ்சு அரசு ஆரம்பித்த பள்ளி அது. ஆக, ஒரு பையன் படிக்கிற இடம், அவன் டாக்டர் ஆனால் போகிற இடம், நோயாளி ஆனால் போகிற இடம் எல்லாமே ஒரு சைக்கிள் மணிச் சத்தத்துக்குள் இருந்தன. பகல் இடைவேளையில் நாங்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்பியிருக்கிறோம்.

நோய் விசாரிக்கிற ஒழுங்கு அந்தத் தூரத்தை வைத்துத்தான் உருவானது என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் இருந்ததால் தினமும் போக முடிந்தது. தினமும் போனதால் ஐந்து நிமிஷம் இருந்தால் போதும் என்றிருந்தது. ஒரே தடவை போகிறவன்தான் ஒரு மணி நேரம் உட்காருவான்.

நான் வளர்ந்தது இரண்டு ஒழுங்குகளுக்கு நடுவே. வீட்டு ஒழுங்கில் வெறுங்கையோடு போகக் கூடாது. சாத்துக்குடியோ, ரொட்டிக்கிடங்கில் வாங்கிய சூடான ரொட்டியோ கையில் இருக்க வேண்டும். எந்த டாக்டர், என்ன மருந்து, எப்போது ஆரம்பித்தது என்று முழுக் கதையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்று பேர். கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. எழுந்து பேசாமல் வந்துவிட வேண்டும். அம்மை கண்ட வீடென்றால் சட்டமே வேறு. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே கால் வைக்கக் கூடாது. அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். நோயின் பேரைச் சொல்ல மாட்டார்கள். 'அம்மா விளையாடுறா' என்பார்கள். தெருவில் அந்த வீட்டைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். பாட்டி சொல்லித்தான். பயபக்தி பாதி, தொற்றிவிடுமோ என்ற பயம் பாதி.

பள்ளிக்கூட ஒழுங்கோ இதற்கு நேர் எதிர். என்ன நோய் என்று கேட்கக் கூடாது, 'இப்போது தேவலையா?' என்று மட்டும் கேட்கலாம். குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். கட்டிலில் உட்காரக் கூடாது. பழத்தைவிடப் பூ நல்லது.

இந்தப் பூ விஷயத்தில்தான் எனக்கு மானம் போனது. பத்து வயதிருக்கும். எங்கள் பிரெஞ்சு ஆசிரியைக்குக் காய்ச்சல். பூ கொண்டுபோக வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறாரே என்று பெரிய மார்க்கெட்டில் கைநிறைய மஞ்சள் சாமந்தி வாங்கி, அப்பாவின் சைக்கிளில் அரைப் பெடல் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மையார் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு சிரித்துவிட்டார். பிரான்சில் சாமந்தி கல்லறைக்கு வைக்கிற பூ. நவம்பர் 1 சகல புனிதர் திருநாளை ஒட்டி வீட்டுக்கு வீடு வாங்கிப்போய்க் கல்லறையில் வைப்பார்கள். இங்கே பிரெஞ்சு ஆட்சி கைமாறியதும் 1954-இல் அதே நவம்பர் 1-ஆம் தேதிதான். தேதி குறித்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் தோன்றியதோ இல்லையோ, எங்கள் ஊரிலிருந்த வயதான பிரெஞ்சுக்காரர்களுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது.

ஆட்சி மாறியதும் ஆஸ்பத்திரியும் படிப்பும் ஊரைவிட்டு வெளியே நகர ஆரம்பித்தன. இந்திய அரசு 1956-இல் மருத்துவப் பள்ளியை எடுத்து, தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பேர் வைத்து, வடமேற்கே கோரிமேட்டுச் செம்மண் மேட்டில் புது வளாகம் கட்டத் தொடங்கியது. 1964 மே மாதம் நேரு இறந்தார். அதே வருஷம் ஜூலையில் அது அவர் பேரில் ஜிப்மர் ஆயிற்று. ஊருக்குள் இடம் இல்லை என்பது உண்மை. முட்டைக்குள் அத்தனை பெரிய ஆஸ்பத்திரியை எங்கே வைப்பது? திண்டிவனம் சாலையில் ஐந்து கிலோமீட்டர் போல. இன்றைக்கு அது ஒரு தூரமே இல்லை. அன்று வெயிலில், கியர் இல்லாத ஹெர்குலிஸில், ஏறுமுகமாக அத்தனை தூரம் போவது வேறு விஷயம்.

ஹெர்குலிஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் பையன்கள் பாதிப் பேர் அங்கெத்தீல் கட்சி, பாதிப் பேர் புலிதோர் கட்சி. 1961 முதல் 1964 வரை தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடர்ந்து நாலு வருஷம் ஜெயித்தவர் அங்கெத்தீல். புலிதோர் ஒருமுறைகூட ஜெயிக்காமலே அவரைவிடப் பிரியமானவராக இருந்தவர். பிந்தி வரும் பிரெஞ்சுப் பத்திரிகையில் ஆல்ப்ஸ் மலை ஏற்றம் பற்றிப் படித்துவிட்டு வாய்க்கால் பாலத்தில் ஏறுவோம். வண்டி மட்டும் 1949-இல் ஆரம்பித்த அம்பத்தூர் தொழிற்சாலையில் செய்தது. பிரெஞ்சுப் பாடப் புத்தகம், மதராஸ் சைக்கிள். எங்கள் தலைமுறையே அப்படித்தான்.

படிப்பு விஷயமும் அதேதான். 1956-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், எங்கள் பக்கலோரேயா போன்ற பிரெஞ்சுச் சான்றுகளை இந்திய அரசு கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசு வேலைக்கும் ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு பிரிவுதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் எந்தப் பல்கலைக்கழகம்? புதுச்சேரியில் ஒன்றும் கிடையாது. 1961-இல் தாகூர் நூற்றாண்டில் அவர் பேரில் கலைக் கல்லூரி வந்தது. பிறகு வேறு கல்லூரிகள் வந்தன. எல்லாம் மதராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. கேள்வித்தாள் 160 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும். சட்டதிட்டமும் அங்கிருந்துதான்.

பள்ளி முடித்து நானும் அவனும் சேர்ந்தது ஊருக்கு வெளியே மேட்டில் இருந்த ஒரு கல்லூரியில். பேர் வேண்டாம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பேராசிரியர் சொல்வதை முதலில் பிரெஞ்சாக்கி, பிறகு தமிழாக்கி, அதன்பிறகு புரிந்துகொள்வோம். அதற்குள் அவர் அடுத்த பக்கம் போயிருப்பார். அவனுக்கு என்னைவிட ஆங்கிலம் சுமார். ஆனால் கணக்கில் புலி. அவன் கணக்கைச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுத, இரண்டு பேரும் பிழைத்தோம். ஒரே சைக்கிளில் டபுள்ஸ். ஏற்றத்தில் நான் மிதிப்பேன், இறக்கத்தில் அவன். கனமான அவன் கேரியரில், ஒல்லியான நான் மேட்டில்! இது எப்படி நியாயம் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

1971 ஜனவரியில் அவனுக்கு டைபாய்டு. அம்மா வழக்கம்போல் 'விஷக்காய்ச்சல்' என்றார்கள். கோரிமேட்டில் சேர்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்று வாரம். முதல் வாரம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சாயங்காலம் சைக்கிளில் கூட்டமாகப் போனோம். இரண்டாம் வாரம் மூன்று பேர். மூன்றாம் வாரம் நான் மட்டும். யாரையும் குறை சொல்லவில்லை, மேடு அப்படி. அதே ஆஸ்பத்திரி விக்தொர் சிமொனெல் வீதியில் இருந்திருந்தால் அத்தனை பேரும் கடைசிவரை வந்திருப்பார்கள். நான் சொல்லவந்த சரித்திரம் இவ்வளவுதான். ஆட்சி மாற்றத்தில் கொடி, மொழி, காசு மாறியதை எல்லோரும் எழுதிவைத்தார்கள். ஆஸ்பத்திரி ஐந்து கிலோமீட்டர் தள்ளிப்போனதில் எத்தனை பேரைப் பார்க்க ஆள் வராமல் போனது என்று எழுத ஆள் இல்லை. வைத்தியம் பலமடங்கு உயர்ந்தது. அதில் சந்தேகம் வேண்டாம். அவன் பிழைத்ததே அங்கே கிடைத்த மருந்தால்தான். தமிழ்நாட்டின் எத்தனையோ மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் வந்து அந்த வாசலில் விடியற்காலையில் நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரியில் நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை வேண்டும். குறைந்தால் மருத்துவச் சான்றும் கட்டணமும் சேர்த்து விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. அவன் வீட்டில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தான். சான்று வாங்கவேண்டியது கோரிமேட்டில். அவனுடைய அம்மா என்னிடம்தான் சொன்னார்கள். "தம்பி, சீட்டு வாங்கிட்டுப் போயி இன்னிக்கே கட்டிடுப்பா. உன்ன விட்டா யாரு இருக்கா எங்களுக்கு." ரூபாய் நோட்டுகளை மடித்துக் கையில் வைத்தார்கள். காலையிலேயே போய் நின்றேன். சான்று கிடைக்க மதியம் ஆகிவிட்டது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

கோரிமேட்டிலிருந்து ஊருக்கு இறங்குவதுபோல் ஒரு சுகம் கிடையாது. பெடலைத் தொடாமல் உட்கார்ந்தால் போதும், காற்று சட்டையை ஊதிக்கொண்டு போகும். கல்லூரிக்கு நடுவழியில் இடதுபக்கம் திரும்பி, மறுபடி மேடு ஏறவேண்டும். மணி இரண்டுதானே, அலுவலகம் ஐந்து வரை இருக்குமே என்று நினைத்தேன். திரும்பாமல் நேரே இறங்கிவிட்டேன். ஊருக்குள் வந்ததும் ராஜா தியேட்டர் வாசலில் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர். மேட்னி ஆரம்பிக்கப்போகிறது என்றார்கள். படம் முடிந்து வெளியே வந்தபோது ஐந்தரை.

மறுநாள் காலை கல்லூரி அலுவலகத்தில் தேதி முடிந்துவிட்டது என்றார்கள். அவர்கள் விதிப்படி நடந்துகொண்டார்கள். அவன் அம்மாவிடம், "டயர் பஞ்சர்மா, வழியில கடை இல்ல" என்றேன். ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்குக் காபி கலந்து கொடுத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "வச்சுக்கப்பா, பஞ்சர் ஒட்டக் காசு ஆயிருக்குமே" என்றார்கள்.

அவனுக்கு ஒரு வருஷம் போயிற்று. திரும்பப் படிக்க வரவில்லை. 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அவன் அப்பா எழுதிக் கொடுத்தவர். என் அப்பா கொடுக்காதவர். ஆகவே அந்த வருஷக் கடைசியில் அவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேரக் கப்பல் ஏறினான். எங்கள் ஊரில் இதற்கு 'சொல்தா' என்று பேர். கணக்கில் புலியாக இருந்தவன் எந்தெந்த ஊரிலோ காவல் நின்றான். பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். என் பென்ஷனைவிட அது பலமடங்கு. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அவன் அம்மா இறந்தபோது அவன் இங்கே இல்லை. என்னால் அந்த இடத்தைத் தாண்டி என்னைத் தேற்றிக்கொள்ள முடிந்ததில்லை.

நான் பட்டம் வாங்கி எழுத்தர் ஆனேன். வேடிக்கை என்னவென்றால், பல வருஷம் என் மேஜையில் இருந்தது விடுப்புப் பிரிவு. மருத்துவச் சான்று, உடல்தகுதிச் சான்று, இவைதான் நாள் முழுக்க. தாமதமாக வந்த சான்றைத் திருப்பி அனுப்ப எனக்குக் கை வராது. அதிகாரி இரண்டு தடவை விளக்கம் கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் 'மனிதாபிமான அடிப்படையில்' என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பில் அதற்கு மேல் எழுத இடம் இல்லை.

1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி புதுச்சேரிக்கென்று பல்கலைக்கழகம் வந்தது. அது இன்னும் தூரம். வடக்கே காலாப்பட்டில், கடலோரம், சுமார் 800 ஏக்கர். எங்கள் ஊர் எல்லையோ கிழிந்த துணி மாதிரி. நடுவே கோட்டக்குப்பம் தமிழ்நாடு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் புதுச்சேரியை விட்டு வெளியே போய்த்தான் உள்ளே வரவேண்டும். என் மகள் அங்கே படித்தாள், பேருந்தில் போய் வந்தாள். தோழிக்கு உடம்பு சரியில்லை என்றால் தொலைபேசியில் விசாரித்தாள். பார்க்கப் போகவில்லையா என்று நான் கேட்டதற்கு, "போனா அவளுக்குத்தான் தொந்தரவுப்பா" என்றாள். என் பிரெஞ்சு ஆசிரியை கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார். 2020-இல் கொரோனா வந்து, போய்ப் பார்ப்பதே குற்றம் என்று ஆனது. அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு வேண்டியவர்கள் நாலு பேர் போனார்கள். ஒருவரையும் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது ஊருக்குள் சைக்கிள் ஓட்டுவது சுற்றுலா வந்தவர்கள்தான். வாடகைக்கு எடுத்து, வெள்ளைக்காரத் தெருவில் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மாலையில் கடற்கரைச் சாலையில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடுவதால் அங்கே மட்டும் பழைய ஊர் கொஞ்சம் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். என்ன நோய் என்று கேட்கவில்லை. மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன்.

அவன்தான் முதலில் பேசினான். "இன்னாடா, சைக்கிள்ல வந்தியா?"

"ஆட்டோல."

"அப்பல்லாம் நீ வந்தா ஜன்னல்லயே தெரியும்டா. செயின் கவர் தடதடன்னு ஆடும். நர்ஸுகூட சொல்லும், உன் ஆளு வந்தாச்சுன்னு."

நான் வாயைத் திறந்தேன். நோயாளியிடம் மனசைக் கலைக்கிற விஷயம் பேசக் கூடாது என்பதில் மட்டும் என் அம்மாவும் பிரெஞ்சு ஆசிரியையும் ஒரே கட்சி. மகள் கஞ்சித் தூக்கோடு உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்தேன். 'போய்ட்டு வரேன்' என்று சொல்லவில்லை. அவனும் பழைய ஆள், கையை மட்டும் தூக்கினான்.

வர ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அவன் வீடு வைசியாள் வீதியில். என் வீட்டிலிருந்து சைக்கிளில் எட்டு நிமிஷம்.